காரணம் தெரியாமல் மூடாதவள்

மைசூரில் ஊதுபத்திக் கம்பெனிகள் எத்தனை என்று எண்ணப் போனால் பொழுது சாய்ந்துவிடும். அவற்றில் ஒன்று, மேட்டகள்ளிப் பக்கம் இருக்கும் கந்தமாலா. அதன் மாடியில், ஜன்னலோர மேஜையில் ஜோதிமணி உட்கார்ந்திருப்பாள். வயது நாற்பத்திரண்டு, ஒற்றைக்கல் மூக்குத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடுகிற ஆள். அவள் கை படாமல் அந்தக் கம்பெனியில் எந்த ஆர்டரும் மூடப்பட்டதில்லை.

ஆர்டரை மூடுவது என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கல்யாணச் சமையல்காரர் நூறு இலைக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்று சீட்டு எழுதித் தருவார் அல்லவா? பந்தி முடிந்து மூட்டையைப் பார்த்தால் கூடவோ குறையவோ இருக்கும். ஏன் என்று யார் கேட்கிறார்கள்? பாயசத்தைக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கம்பெனியில் அப்படி விட முடியாது. ஐயாயிரம் பாக்கெட் கட்ட இத்தனை குச்சி, இத்தனை அட்டை, இத்தனை மணி நேரம் என்று முதலிலேயே ஓர் அளவு போட்டிருப்பார்கள். வேலை முடிந்ததும் உண்மையில் எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விழும் வித்தியாசத்துக்குக் காரணம் எழுதி ஆர்டரை மூட வேண்டும். மூடியதை அப்புறம் முதலாளியே வந்தாலும் கம்ப்யூட்டரில் திறக்க முடியாது.

மற்ற கம்பெனிகளில் 'சேதாரம்' என்று ஒரு வார்த்தையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஜோதிமணி போகமாட்டாள். மாடியிலிருந்து இறங்கி வந்து, மாவு நமுத்ததா, கரண்ட் போனதா, புது ஆள் கை ஓடவில்லையா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். இறங்கிப் போக அவளுக்குக் கூச்சமும் இல்லை. அங்கிருந்து ஏறி வந்தவள்தானே அவள்! ராமாபுரத்தில் ராகிக் காட்டில் களை எடுத்தவள், பத்தொன்பது வயதில் கல்யாணமாகி மைசூருக்கு வந்தாள். இதே கம்பெனியில் எட்டு வருஷம் பேக்கிங் மேஜையில் நின்றாள். நின்றுகொண்டே தபால் வழியில் பி.காம். படித்தாள். அந்த மேஜையிலிருந்து மாடிக்குப் போன முதல் பெண் அவள்தான். அன்றைக்கு மேஜைக்காரிகள் சேர்ந்து அவளுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார்கள். மை தீர்ந்து வருஷக்கணக்காகியும் அது அவள் மேஜையில்தான் நிற்கிறது.

பேக்கிங் மேஜையின் தலைவி லிங்கம்மா, ராமாபுரத்துக்குப் பக்கத்து ஊரான ஹனூர்க்காரி. ஐம்பது வயது, உரத்த குரல். கம்பெனி பஸ்ஸில் இரண்டு பேரும் மூன்றாவது சீட்டில் ஒன்றாக உட்கார்ந்து வருவது பதினைந்து வருஷப் பழக்கம்.

வினை வந்தது, போன தசரா முடிந்த கையோடு. அதுவரை கந்தமாலாவில் பன்னிரண்டு குச்சி, முப்பத்தைந்து குச்சி என்று இரண்டு பாக்கெட்தான். கோயில்களுக்காக என்று நூறு குச்சியிலும் ஐம்பது குச்சியிலும் புதிதாகப் போட்டார்கள். போட்ட முதல் ஆர்டரிலிருந்தே குச்சிக் கணக்கு இடித்தது. ஐயாயிரம் பாக்கெட்டுக்குப் போக வேண்டியது ஐந்து லட்சம் குச்சி. ஒடிசலுக்கு என்று தனியாகக் கொடுத்ததும் போக, இன்னும் ஐயாயிரம் கூடவே தின்றிருந்தது. அடுத்த ஆர்டரிலும் அப்படித்தான். ஜோதிமணி மேலும் கீழுமாக நடந்தாள். குப்பைக்கூடையைக்கூடக் கிளறினாள். ஒன்றும் பிடிபடவில்லை. மூட மனம் வராமல் ஆர்டர்களைத் திறந்தே வைத்து, மாத அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: 'காரணம் தெரியவில்லை.'

நேர்மையாக எழுதிய அந்த இரண்டு வார்த்தைதான் எமனாக வந்து நின்றது. பிப்ரவரி அறிக்கையைப் பார்த்த ஃபேக்டரி மேனேஜர் சேகரன், காரணம் தனக்குத் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார். மறுவாரமே கேட்டில் ஒரு மேஜை போட்டார்கள். வாட்ச்மேன் ஜடையன் பேக்கிங் பெண்கள் பன்னிரண்டு பேரின் பையையும் சாயங்காலம் சாயங்காலம் திறந்து பார்த்தான். சோற்று டப்பாவையும் திறக்கச் சொன்னான். மாடிக்காரர்கள் பையைத் திறக்கச் சொல்லவில்லை.

அன்றைக்குப் பஸ்ஸில் ஏறிய ஜோதிமணி, வழக்கம்போல மூன்றாவது சீட்டுக்குப் போனாள். அவள் உட்காரும் இடத்தில் லிங்கம்மாவின் பை இருந்தது.

"அக்கா, பையை எடுங்க."

லிங்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது அங்கயே இருக்கட்டும். நீ எழுதுன பேப்பராலதான அம்மிணி இந்தப் பையைத் திறந்து கொட்டுறாங்க? அதுக்கும் கொஞ்சம் மரியாதை வேணுமில்ல, உக்காந்து வரட்டும்."

ஜோதிமணிக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வாரம் அப்படித்தான் நின்றே போனாள்.

மார்ச் இருபத்தேழாம் தேதி சேகரன் அவளைக் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் பாதி கன்னடம் வந்து விழும்.

"ஏன்ம்மா, ஒன்பது ஆர்டர் இன்னும் திறந்தே கிடக்கு. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள வருஷக் கணக்கு முடியணும். 'களவு'னு எழுதி மூடுங்க. அந்தப் பேப்பரைக் காட்டித்தான் இந்தப் பேக்கிங் மேஜையையே எடுத்துட்டு, ஏப்ரல்ல இருந்து பேக்கிங்கைக் கான்ட்ராக்டுக்குக் கொடுக்கப் போறோம்."

"பன்னிரண்டு பேரும் சார்?"

"எல்லாருந்தான். நெருப்பில்லாம புகையாதும்மா."

ஊதுபத்திக் கம்பெனி மேனேஜர் சொல்வதற்கென்றே பிறந்த பழமொழி!

"பையில ஒரு குச்சிகூட அகப்படலையே சார்."

"சும்னே வாதம் பண்ணாதீங்க. எழுதுங்க."

"காரணம் தெரியாம நான் மூடினதில்ல சார். முப்பத்தொண்ணு வரைக்கும் டைம் இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மேஜைக்கு வந்து ஒன்பது ஆர்டரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். அதுவரை ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தாளே தவிர, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நூறு குச்சி பாக்கெட்டில் எல்லா ஆர்டரிலும் நூற்றுக்கு ஒன்று கூட. ஐம்பதில் எல்லாவற்றிலும் நூற்றுக்கு இரண்டு. அதே மேஜையில், அதே பெண்கள் கட்டும் முப்பத்தைந்திலும் பன்னிரண்டிலும் ஒன்றுமே இல்லை.

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். திருடுகிறவள் ஒருநாள் துணிந்து அதிகம் எடுப்பாள், ஒருநாள் பயந்து குறைவாக எடுப்பாள். பையைச் சோதிக்க ஆரம்பித்த பிறகு எடுக்கவே மாட்டாள். இங்கேயோ சோதனைக்கு முன்னும் பின்னும் அளந்து வைத்த மாதிரி ஒரே அளவு. அதிலும், ஐம்பதில் எடுக்கிறவளுக்கு முப்பத்தைந்தில் எடுக்கக் கை வராதா? கூடப் போன குச்சியைப் பாக்கெட் எண்ணிக்கையால் வகுத்தாள். ஐயாயிரம் பாக்கெட்டுக்கு ஐயாயிரம் குச்சி. எண்ணாயிரம் பாக்கெட்டுக்கு எண்ணாயிரம் குச்சி. பாக்கெட்டுக்கு ஒன்று!

குடோனுக்கு ஓடினாள். நூறு குச்சி பாக்கெட் ஒன்றைப் பிரித்து எண்ணினாள். நூற்றியொன்று. இன்னொன்று. நூற்றியொன்று. ஐம்பதைப் பிரித்தாள். ஐம்பத்தொன்று. எடை பார்க்கும் மெஷினோ எடை குறைந்தால்தான் கத்தும், கூடினால் வாயை மூடிக்கொண்டிருக்கும். அதனால் ஐந்து மாதமாக யாருக்கும் தெரியவில்லை.

ஏன் ஒன்று கூட? பிரித்த பாக்கெட்டைத் திரும்பக் கட்டலாம் என்று குச்சியை அள்ளினாள். பழைய கை, மறக்குமா? கைக்கு ஐந்து ஐந்தாக இருபது தரம். நூறு. ரப்பர் பேண்டைப் போடுவதற்குள் அவள் கை தானாகப் போய் இன்னொரு குச்சியை எடுத்து மேலே வைத்தது. ஜோதிமணி தன் கையையே பார்த்தாள். அப்புறம் அந்தக் குடோனில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தனியாக நின்று, வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது.

மறுநாள் காலை சேகரனைப் பேக்கிங் மேஜைக்கே கூட்டிவந்தாள். பன்னிரண்டு பெண்களும் கையை நிறுத்திவிட்டு முறைத்தார்கள்.

"லிங்கம்மாக்கா, நூறு குச்சி பாக்கெட் ஒண்ணு கட்டிக் காட்டுங்க."

"எதுக்கு? எண்ணத் தெரியலைன்னு எழுதறதுக்கா?" என்றாள் லிங்கம்மா. ஆனாலும் கட்டினாள். இருபது தரம் கை போயிற்று. கடைசியில் ஒரு குச்சி மேலே ஏறியது.

"இது எதுக்கு?" என்று சேகரன் பாய்ந்தார்.

லிங்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கா? சாமிக்குப் போற பொருளுங்க. பூஜ்யத்துல முடிச்சா கட்டுவாங்க? ஒண்ணு வெச்சாத்தானுங்க விருத்தி!"

"அது... கம்பெனிப் பொருளும்மா!"

"சார்," என்று ஜோதிமணி குறுக்கே வந்தாள். "போன மாசம் உங்க மச்சினர் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன மொய் எழுதினீங்க?"

சேகரன் அந்தக் குச்சியைப் பார்த்தார். "ஆயிரத்தொண்ணு," என்றார் மெதுவாக. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இதை ஏன்க்கா இத்தனை நாளா சொல்லலை?" என்று ஜோதிமணி கேட்டாள்.

"யாராச்சும் கேட்டாங்களா? பையைத் திறன்னாங்க, திறந்தோம். டப்பாவைத் திறன்னாங்க, திறந்தோம். எப்படிக் கட்டுறீங்கன்னு ஒருத்தர் கேட்டாங்களா? எட்டு வருசம் இங்க நின்ன நீ கேட்டியா?"

ஜோதிமணி தலையைக் குனிந்துகொண்டாள். குப்பைக்கூடையைக் கிளறியவள், கட்டுகிற கையைப் பார்க்கவில்லையே! அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

சேகரன் ஒற்றை வரியில் முடிக்கப் பார்த்தார். "சரி, ஆயித்து. 'பேக்கிங் பெண்களின் தவறு'னு எழுதி மூடுங்க. இனிமே ஒண்ணு கூட வெக்கக் கூடாதுனு சொல்லிடுங்க."

"தவறு அவங்களோடது இல்ல சார். பூஜைப் பொருளுக்கு நூறுன்னு அளவு போட்டது நாம. அட்டையில நூத்தியொண்ணுன்னு அடிங்க. ஐம்பதுக்கு ஐம்பத்தொண்ணு. எப்படியும் அஞ்சு மாசமா சொல்லாமக் கொடுத்துட்டுத்தான் இருக்கோம். சொல்லிக் கொடுத்தா பேராவது கிடைக்கும்."

"நூத்தியொண்ணுன்னு அடிச்சா நூத்திரெண்டு வெப்பாங்க!"

"வெக்க மாட்டாங்க."

"வெச்சா?"

"வெச்சா நானும் அவங்களோட கேட்டுக்கு வெளிய போயிடறேன் சார்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கே தெரிந்தது. புது அட்டையில் முதல் ஆர்டர் சுத்தமாக மூடட்டும், அதுவரை கான்ட்ராக்ட் பேப்பர் தன் மேஜையில் இருக்கும், பை சோதனையும் இருக்கும் என்றார் சேகரன். முப்பத்தொன்றாம் தேதி ஒன்பது ஆர்டருக்கும் ஜோதிமணி காரணம் எழுதி மூடினாள். என்ன எழுதினாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் அந்தப் பை இன்னும் சீட்டில்தான் இருந்தது.

ஏப்ரல் பதினேழாம் தேதி, நூற்றியொன்று என்று அச்சடித்த முதல் ஐயாயிரம் பாக்கெட் முடிந்தது. சேகரனே மாடிக்கு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஜோதிமணி மீதிக் குச்சியின் எடையைப் போட்டாள். ஒடிசலைப் போட்டாள். சந்தேகம் அவளுக்கும் இல்லாமல் இல்லை. பழகிய கை யார் சொன்னாலும் கேட்காது. பித்தானை அழுத்தினாள்.

ஐந்து லட்சத்து ஐயாயிரம் குச்சியில், வித்தியாசம் ஏழு. அதுவும் மிச்சம்.

சேகரன் திரையைக் குனிந்து பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். பிறகு தானே படியிறங்கி, கேட் வரைக்கும் நடந்துபோய், "அந்த மேஜையை எடுத்து உள்ள போடப்பா," என்று ஜடையனிடம் சொன்னார். பேக்கிங் பெண்களிடம் அவர் மன்னிப்புக் கேட்டாரா என்றால், கேட்கவில்லை. கான்ட்ராக்ட் பேப்பரைக் கிழித்ததோடு சரி. அதுவே அவருக்குப் பெரிய காரியம்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜோதிமணி கம்பியைப் பிடித்து நின்றாள். லிங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ஒம்போதுக்கும் என்னன்னு எழுதுன?"

ஜோதிமணிக்கு அது மனப்பாடம். "'அளவு போட்டதில் அலுவலகத்தின் தவறு. பேக்கிங் மேஜையில் ஒரு குச்சியும் களவு போகவில்லை. எண்ணிக்கை சரி.'"

"நாளப்பின்ன வேற எவனாச்சும் வந்து அதை மாத்திட்டான்னா?"

"முடியாதுக்கா. மூடினது மூடினதுதான். முதலாளியே வந்தாலும் திறக்க முடியாது."

பஸ் கேட்டைத் தாண்டியது. லிங்கம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காரு ஜோதி," என்றாள்.