நைனா திருவிருந்துக்குப் போகாத வருஷங்கள்

என் வேலைக்கு ஆர்டர் வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. தட்டச்சுப் பரீட்சை எழுதி, தேறி, அரசாங்க ஆபீஸில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் அது தாழ்த்தப்பட்டவர்களுக்கான இடம். ஜாதிச் சான்றிதழை ஒரு மாதத்துக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

நாங்கள் திருமுல்லைவாயிலில் காலனியில் குடியிருந்த கிறிஸ்தவர்கள். நைனா அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேத பாடம் வாசிப்பார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் தானாகவே 'இந்து' என்று எழுதிக்கொண்டார், நைனாவும் திருத்தவில்லை. சட்டம் சொல்வது இதுதான்: பறையன் இந்துவாக இருந்தால் தாழ்த்தப்பட்டவன், ஞானஸ்நானம் வாங்கிவிட்டால் இல்லை. யார் கண்டுபிடித்த கணக்கோ, வயிறு எரிகிறது. ஞானஸ்நானம் வாங்கின மறுநாள் டீக்கடைக்காரன் எங்களுக்குத் தனி கிளாஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டானா? அவனை விடுங்கள். எங்கள் சர்ச்சிலேயே திருவிருந்து நாளில் முன்வரிசைக் குடும்பங்கள் அப்பம் வாங்கி, பாத்திரத்தில் திராட்சை ரசம் குடித்து முடித்த பிறகுதான் காலனிக்காரர்கள் எழுந்து போக வேண்டும். எல்லாருக்கும் ஒரே பாத்திரம், ஆனால் எங்கள் வாய் கடைசியில்தான் படலாம். சர்ச்சில் எங்களுக்கு ஜாதி இருந்தது, தாலுகா ஆபீஸில்தான் இல்லை.

சான்றிதழ் விசாரணைக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., வருகிறார் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. காலையில் அம்மா கதவில் ஒட்டியிருந்த சிலுவை ஸ்டிக்கரைக் கத்தியால் சுரண்டினாள். சுவரிலிருந்த வசனப் பலகையைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் முருகன் காலண்டரை இரவல் வாங்கி வந்து அதே ஆணியில் மாட்டினாள். எனக்குக் குங்குமம் வைத்துவிட்டாள்.

நைனா தறி நாடா போல அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். "இது வாணாம்மே" என்றார் அம்மாவிடம்.

"வாணாம்னா உன் பொண்ணயும் எஸ்டேட்ல பாக்கிங் பண்ண அனுப்பு. எனுக்கு இன்னா வந்துச்சு" என்றாள் அம்மா.

ஆர்.ஐ. நாற்காலியில் உட்கார்ந்து, எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்று கேட்டார். சிவன் கோயிலுக்கு என்று அம்மா சட்டென்று சொன்னாள். அவர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. "நீ சொல்லுய்யா. நீங்க இந்துதானே?" என்று நைனாவைக் கேட்டார்.

நைனா என்னைப் பார்த்தார். "ஆமா சார்" என்றார்.

அப்போதுதான் நான் சுவரைக் கவனித்தேன். பலகை பெரியது, காலண்டர் சின்னது. பல வருஷப் புகை படியாத வெள்ளை, முருகனைச் சுற்றி நாலு பக்கமும் பட்டையாகத் தெரிந்தது. ஆர்.ஐ.யும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த தபா படம் கொஞ்சம் பெரிசா மாட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் எங்களைக் காப்பாற்றினாரா, அவமானப்படுத்தினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, திருவிருந்து நாள். முன்வரிசைக்காரர்கள் போய்த் திரும்பினார்கள். எங்கள் முறை வந்தபோது அம்மா எழுந்தாள், நான் எழுந்தேன். நைனா எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த மாதமும் இல்லை. வேத பாடம் வாசிப்பதையும் தொண்டை சரியில்லை என்று சொல்லி விட்டுவிட்டார்.

காலனியில் பேச்சு கிளம்பியது. "அண்ணாத்தே எச்சிப் பாத்திரம் வாணான்னு உக்காந்துகினு கீறாரு" என்றார்கள். வாலிபர்கள் ஒவ்வொருவராக அவரோடு உட்கார ஆரம்பித்தார்கள். சர்ச் கமிட்டித் தேர்தலில் அதுவே பெரிய விஷயமாகிவிட்டது. நைனா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கோ தலைகால் புரியாத பெருமை. ஆபீஸில் இரண்டு பேரிடம் என் நைனா போராளி என்றே சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டே மாதாமாதம் நான் அம்மாவோடு போய் அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒன்பது வருஷம் கழித்து முன்வரிசை வழக்கம் ஒழிந்தது. அதற்குள் நைனாவின் நுரையீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மத்தியானம் எங்கள் சர்ச் ஆயர் சின்னப் பெட்டியில் அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க நெனச்சது நடந்துடுச்சு. இப்ப யாரு வேணா முன்ன வரலாம். இனிமே எடுத்துக்கலாமே" என்றார்.

நைனா தலையை ஆட்டினார். "முழுங்க முடில ஐயா" என்றார். ஆயர் ஜெபித்துவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு போனார். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் நைனா என் கையால் அரை இட்லி சாப்பிட்டிருந்தார்.

"ஏன் நைனா பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"பாத்திரத்துக்கோசரம் இல்லம்மா நான் உக்காந்தது." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்த ஆர்.ஐ. இந்துவான்னு கேட்டான், நான் ஆமான்னேன். அத மன்னிச்சிடுன்னு கேக்கணும்னா செஞ்சத மாத்தணும். பொய்யின்னு சொல்லி அந்தப் பேப்பரத் திருப்பிக் குடுக்கணும். குடுத்தா உன் வேல பூடும். அத்த வச்சிகினே எப்பிடிக் கை நீட்றது?"

"நானும்தானே பொட்டு வச்சிக்கினு நின்னேன். நான் நீட்டினேனே."

"நீ அப்ப சின்னப் பொண்ணு. அது என் வாயில வந்துது. என்னோட இருக்கட்டும்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில் சோறு தின்றிருக்கிறோம். ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லியிருந்தால் நான் அந்தப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்கவில்லை. அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். காலனியே திரண்டு வந்து, போராளி என்று பாராட்டி அடக்கம் செய்தது.

அடுத்த முதல் ஞாயிறு எங்கள் வரிசை எழுந்தபோது நான் உட்கார்ந்தே இருந்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று அந்தப் பிடியிலேயே புரிந்தது.

"எய்ந்துரு" என்றாள் மெதுவாக. "நீ போவலன்னா அந்த மனுசன் இத்தினி வருசம் உக்காந்ததுக்கு அர்த்தமே இல்ல."

எழுந்து போனேன். வரிசையில் முதல் ஆளாகவே இடம் கிடைத்தது. வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீஸில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.