மூக்கு போன க்யூசிக்காரியும் சீலாக் கருவாடும்

மூக்கை வைத்துச் சம்பளம் வாங்குகிற ஆள் நான். அந்த மூக்கே போய்விட்டது மக்களே!

தூத்துக்குடியில் ஓர் இறால் ஏற்றுமதி கம்பெனியில் எனக்கு க்யூசி, அதாவது தரம் பார்க்கிற வேலை. வந்து இறங்குகிற லோடில் கையளவு இறால் எடுத்து மோந்து பார்த்து, பாஸா ரிஜெக்டா என்று சொல்ல வேண்டும். (லேப் எல்லாம் உண்டு. ஆனாலும் முதல் தீர்ப்பு என் மூக்குதான்!)

ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, சளி போனது, கூடவே வாசனையும் போனது. இறாலை மோந்தாலும் ஒன்றுதான், அதன் மேல் கிடக்கிற ஐஸை மோந்தாலும் ஒன்றுதான்!

மேனேஜரிடம் சொன்னேன்.

"மூக்கு இல்லாம ராலை எப்படிம்மா பாப்ப? சரியாகுத வரைக்கும் லேபிள் ஒட்டுத எடத்துல இரி. ரொம்ப நாள் இழுத்துச்சுன்னா நான் வேற ஆளு போடணும், பாத்துக்க."

லேபிள் ஒட்டப் போய் உட்கார்ந்தேன். எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும்.

வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் கொண்டாட்டம்! என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.

நாள் முழுக்க மீனை மோந்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் அந்த வாசம் ஆகாது. அதனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் கருவாட்டுக்குத் தடை. (தூத்துக்குடிக்காரருக்கு இப்படியொரு தண்டனை!) விஷயம் தெரிந்த அன்றே மனுஷர் சீலாக் கருவாட்டோடு வந்து நின்றார்.

"ஒனக்குத்தான் தெரியாதேளா!"

வாசலிலேயே வாளியில் ஊற வேண்டிய அவருடைய சாக்ஸும் சோபாவுக்கு அடியில் குடியேறிவிட்டது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். "கேஸ் லீக்கானாகூட ஒனக்குத் தெரியாது, நீ அடுப்புப் பக்கம் வராத" என்று காலைக் காப்பி அவர்தான் போட்டார். பால் கெட்டதா, குழம்பு ஊசியதா என்று எல்லாவற்றையும் அவரே மோந்து பார்த்துத்தான் எனக்குத் தந்தார். (க்யூசிக்கே க்யூசி!)

ஈஎன்டி டாக்டர் மூக்குக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்.

"சதை, அடைப்பு ஒண்ணும் இல்லம்மா. வைரஸ் வாசனை நரம்பைப் பாதிச்சிருக்கு. மெதுவாத்தான் திரும்பி வளரும். நிறைய பேருக்குச் சரியாகுது. ஆனா எப்போன்னு என்னால கேரண்டி தர முடியாது."

கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் என்று நாலு பாட்டிலைக் காலையிலும் மாலையிலும் மோந்து பழக வேண்டும். மூக்குக்கு ட்யூஷன்!

வாரக்கணக்கில் செய்தேன். ம்ஹூம்!

மறுபடி போனபோது டாக்டர் கேட்டார், "எப்படி மோந்து பாக்கீங்க? காட்டுங்க."

மூடியைத் திறந்தேன். ஒரே இழுப்பு. மூடினேன். அடுத்த பாட்டில்.

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யம்மா, இது லோடு இறக்குத வேகம்! ரோஜாவுல போயி கெட்டுப்போனதைத் தேடுதீங்க. நிதானமா, கொஞ்சங்கொஞ்சமா இழுங்க. அந்த வாசம் முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டே இழுங்க."

சுருக்கென்று இருந்தது. யோசித்துப் பார்த்தால், தப்புக் கண்டுபிடிக்க இல்லாமல் நான் எதையும் மோந்தே ரொம்ப காலம் ஆகியிருந்தது.

வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

"ரோஜா. நம்ம கல்யாண மாலையை நெனச்சுக்க."

"அதுல எறும்பு இருந்துச்சுங்க."

"நீ திருந்தவே மாட்டளா!"

அப்புறம் ஒருநாள் காப்பியில் டயர் எரிகிற நாற்றம் அடித்தது. அழுதுகொண்டே டாக்டருக்கு போன் போட்டால், அவர் சந்தோஷப்படுகிறார்! நரம்பு வளரும்போது வாசனைகள் இப்படி மாறிப்போய்த் தெரியுமாம், நல்ல அறிகுறியாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிக் கிராம்பை மோந்துகொண்டிருந்தேன். கிராம்பு வரவில்லை. வேறு ஏதோ வந்தது. காய்ந்த எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு, வெயிலில் காய்ந்த மீன்...

அடுப்படிக்கு ஓடினேன். சட்டியில் சீலாக் கருவாடு. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

"என்னளா ஆச்சு? எங்கயும் இடிச்சுக்கிட்டியா?"

"ஏங்க... கருவாடு வாசம் வருதுங்க! கருவாடு கருவாடாவே வருது!"

"நெசமாவா!" என்று என் தலையைப் பிடித்து ஆட்டினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அப்புறம் மெதுவாகச் சட்டியைத் திரும்பிப் பார்த்தார். முகம் தொங்கிப் போனது.

"அப்போ... இதுதான் கடைசிக் கருவாடா?"

"பாப்போம்" என்று மட்டும் சொன்னேன். (கொஞ்சம் தவிக்கட்டுமே!)

காப்பி, எலுமிச்சை, இறால் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து சேர்ந்ததும் மேனேஜரிடம் போய் நின்றேன். இன்று அவர் மூடி வைத்த இறால் தட்டுகளை வரிசையாக நீட்டினார். கெட்டது ஒன்றே ஒன்று. நேராக அதில் போய்க் கை வைத்தேன்.

"நாளையிலேர்ந்து ஒன் எடத்துக்கு வந்துரு."

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே மனுஷர் காத்துக்கொண்டு நின்றார்.

"சேத்துக்கிட்டாவளா?"

"சேத்துக்கிட்டாவ."

"நல்லதாப் போச்சு." எச்சிலை விழுங்கினார். "நம்ம... கருவாடு?"

உள்ளே போய், கருவாடு இருந்த அடுப்படிப் பக்கம் திரும்பி, டாக்டர் சொன்ன மாதிரி நிதானமாக, கொஞ்சங்கொஞ்சமாக இழுத்தேன்.

"பாஸ்!"

மனுஷர் துள்ளிக் குதித்தார்.

நான் சோபாவுக்கு அடியில் குனிந்தேன். இதற்கு நிதானமெல்லாம் தேவைப்படவில்லை.

"ரிஜெக்ட்! வாளியை எடுங்க!"