இடது ஓரத்து ஒன்று

செவ்வாய்க்கிழமை.

காலை 10.20: கண்ணாடிக் கடையிலிருந்து தொலைபேசி. “சார், எஸ்தர் மேடம் கண்ணாடி ரெடி. வந்து வாங்கிக்கச் சொல்றீங்களா?” “சொல்றேம்மா” என்றேன்.

10.21: அழைப்பு முடிந்தது. என் மனைவி எஸ்தர் இறந்து அன்றோடு நாற்பத்து மூன்று நாள்.

மாலை 5.00: நானே போய் வாங்கி வந்தேன்.

கண்ணாடியின் உறை தோலால் ஆனது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தோலின் மணம் இரண்டு வகை. கடையில் இருப்பது ஒன்று. தோல் பதனிடும் ஆம்பூரை நெருங்கும்போது ரயில் சன்னல்களை இறக்க வைப்பது மற்றொன்று. எண்பதுகளின் நடுவில் ஒரு மாலை, அந்த இரண்டாவது மணத்தைப் புடவையில் சுமந்துகொண்டு எஸ்தர் வாணியம்பாடியிலிருந்து திரும்பினாள். அவள் போக நேர்ந்ததற்குக் காரணம் நான் எழுதிய ஒரு கணினி நிரல்.

காட்பாடியில் ஆசிரியர்களும் அலுவலர்களுமாகச் சிலர் சேர்ந்து, இரத்தம் கொடுப்போர் பட்டியல் ஒன்றை வைத்திருந்தோம். ஆளுக்கு ஓர் அட்டை. விளிம்பில் பதினாறு துளைகள். இரத்த வகை, வரக்கூடிய நாள், போகக்கூடிய ஊர் என்று ஒவ்வொரு துளைக்கும் ஒரு பொருள். பொருந்தும் துளையை எஸ்தர் விளிம்புவரை வெட்டித் திறந்துவிடுவாள். அட்டைக் கட்டில் வேண்டிய துளை வழியே பின்னல் ஊசியைச் செருகி உதறினால், வெட்டிய அட்டைகள் மட்டும் அவள் மடியில் விழும். இடது ஓரத்துத் துளை இறந்தவர்களுக்கு. அதை வெட்டும்போது மட்டும் அவள் பேசமாட்டாள்.

ராணிப்பேட்டைத் தொழிற்சாலையொன்றில் நிரல் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஊசி பொறுக்கவில்லை. வெட்டியது ஒன்று, வெட்டாதது பூஜ்யம். பதினாறு துளைக்குப் பதினாறு பிட், சேர்ந்தால் ஆளுக்கு ஓர் எண். வேண்டிய இரத்த வகைக்காரர்களைப் பிரித்த பின், வகையைக் குறிக்கும் பிட்டுகளை வலப்புறம் தள்ளி உதிர்த்துவிட்டு, மிஞ்சிய ஒன்றுகளை எண்ணவேண்டும். ஒன்றுகள் அதிகமிருந்தால் அதிக நாளும் அதிக ஊரும் ஒத்துவரும் மனிதர். அப்படி எண்ணும் நிரல்துண்டு ஒன்பது வரி. அதை எழுதிய தாளை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தேன், சிரிக்காதீர்கள்.

அந்த எண் கூட்டல், கழித்தல் குறியற்றது என்று அறிவிக்க மறந்திருந்தேன். ஆகவே இயந்திரம் இடது ஓரத்து ஒன்றைக் கழித்தல் குறியாகக் கொண்டது. கழித்தல் எண்ணை வலப்புறம் தள்ளினால், இடப்புறம் காலியாகும் இடமெல்லாம் ஒன்றால் நிரம்பும். இறந்தவரை விலக்க நான் வைத்த சோதனையும் அதே மறதியால் பொய்த்தது. எந்த நாளும் எந்த ஊருக்கும் வரத் தயாரானவராகப் பட்டியலின் தலையில் நின்றார் பாஷா பாய். வாணியம்பாடித் தோல் தொழிலாளி. ஆறு மாதம் முன்பு இறந்தவர்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் சைக்கிளில் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, இரத்தம் கொடுக்க அவரை வரச்சொல்லி அவர் மனைவியிடம் கேட்டார். செய்தி தெரிந்த மறுநாளே எஸ்தர் ரயிலேறினாள்.

“அந்தம்மா இன்னா பண்ணாங்க தெரியுமா?” என்றாள் திரும்பியதும். “‘இரு தம்பி, சட்டை போட்டுனு வருவாரு’ன்னு உள்ள போய்ட்டாங்களாம். ஆணியில சட்டை இல்ல. அப்பதான் நெனப்பு வந்துச்சாம்.”

“ஒரு வார்த்த விட்டுப்போச்சு. சரிபண்ணிட்டேன்.”

“மெஷின் சரியாயிடுச்சு. அதுக்கு செத்தவங்க மேலதான் பாசம் ஜாஸ்தியா இருந்துச்சு.” செருப்பைக் கழற்றியபடி சொன்னாள்: “எனக்கு டீ குடுத்தாங்க. தப்பு பண்ணவர் ஏன் வரலன்னு கேக்கவேயில்ல. நீங்க ஒரு தபா போய்ட்டு வாங்க.”

“போறேன்.”

பெங்களூர் ரயில் வாணியம்பாடியில் நிற்கும்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் செய்தித்தாளை விரிப்பேன். இப்படியே முப்பது ஆண்டுக்கு மேல்.

இன்று அட்டைகள் இல்லை. அந்தப் பட்டியலும் இல்லை. ஒன்றுகளை எண்ணுவதைக் கணினியே ஒற்றைக் கட்டளையில் முடித்துவிடுகிறது. என் ஒன்பது வரி யாருக்கும் வேண்டாம். ரயில் வாணியம்பாடியில் நின்றால் என் முகத்தைப் பார்ப்பார் இல்லை.

செய்யாமல் விட்டவை:

வாணியம்பாடிக்குப் போய் அந்தக் கதவைத் தட்டுவது.

“அவர் பெயர் பட்டியலில் வந்தது என் பிழையால்” என்று சொல்வது.

அந்த அம்மாளின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வது. எஸ்தருக்குத் தெரிந்திருந்தது.