என் சுவருக்கு ஒரு ஜப்பான் படம்

பாய் கடையில் அன்று நானும் பாயும் மட்டுமே இருந்தோம். ஆனையூர் நண்பன் இல்லை. அவன் இல்லாததுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பழைய புத்தகமும் படமும் வாங்கி விற்பவர் பாய். ஜப்பானில் நூறு வருடத்துக்கு முன்பு மரக்கட்டையில் செதுக்கி, தாளைக் கையால் தேய்த்து அச்சிட்ட படங்கள் அவரிடம் எப்போதாவது வரும். வந்தால் முதல் போன் நண்பனுக்குத்தான். மூன்று தலைமுறையாக வாத்தியார் குடும்பம் அவனுடையது. தாத்தா வாங்கியதையும் சேர்த்து அவன் வீட்டுச் சுவரில் பதினொரு படங்கள். முதன்முதலாகப் பார்க்கப் போனபோது, "தொட்றாத மாப்ள, கை வேர்வை ஒட்டிக்கிரும்" என்றான். தாளின் முதுகைத் திருப்பி, தேய்த்த தடம் பார்க்கச் சொல்லித்தந்தவன் அவன். நான் சம்பளத்தில் வாங்கிய இரண்டையும் திருப்பிப் பார்த்து, "மெஷின் அச்சுடா" என்றவனும் அவனே.

கொட்டாம்பட்டியில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிறந்ததிலிருந்து அவன் கண்ணெதிரே தொங்கியதை நான் இருபத்தைந்து வயதில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

பாய் எடுத்துக் காட்டியது, பனி மூடிய கிளையில் ஒரு காகம். திருப்பினேன். முதுகெல்லாம் வட்ட வட்டமாகத் தேய்த்த தடம்.

"அவனுக்குச் சொல்லிட்டீங்களா பாய்?"

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன் தம்பி."

"சொல்லாதீங்க."

பேரம் பேசாமல் வாங்கினேன். அன்றே நண்பனுக்குப் போட்டோ அனுப்பினேன். "எனக்குக் குடுத்துரு மாப்ள, ரெண்டு மடங்கு தாரேன்" என்று பதில் வந்தது. அதை நாலைந்து முறை படித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போ" என்று மட்டும் அனுப்பினேன்.

வந்தான். பீரோவைத் திறந்தால் படம் இல்லை. அப்பா உள்ளிருந்து எடுத்து வந்தார். பிளாஸ்டிக்குக்குள் காகம் பளபளத்தது.

"பூச்சி அரிச்சிரும்லடா. உன் மார்க் ஷீட்டு அம்புட்டையும் இப்படி லேமினேஷன் போட்டுத்தான வச்சிருக்கேன்?"

சூடு வைத்து ஒட்டியது. பிரித்தால் தாளும் கூடவே கிழிந்து வரும்.

நண்பன் வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தான். சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"எப்படி இருக்கு தம்பி?" என்றார் அப்பா.

"இனிமே எந்தப் பூச்சியும் கிட்ட வராதுப்பா" என்றான்.

அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. என் அப்பாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் அவனிடம்தான் இருந்தது. படம் போனதைவிட அதற்குத்தான் வயிறு எரிந்தது.

பாய்க்கு நான் கொடுத்தது பன்னிரண்டாயிரம், ஜெராக்ஸ் கடையில் அப்பா கொடுத்தது எண்பது. ஆக, எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்து எண்பது ரூபாய்.