மஞ்சள் களத்தில் ஒரு நாடு

எங்கள் குடும்பத்தை உடைத்தவள் நான்தான் என்று பெரியப்பா இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நடந்தபோது எனக்குப் பத்து வயது. பத்து வயதுப் பெண்ணால் உடைக்க முடிகிற குடும்பம் அதற்கு முன் எவ்வளவு உறுதியாக இருந்தது என்று யாரும் அவரைத் திருப்பிக் கேட்பதில்லை. நான் கேட்டிருக்கிறேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

நாமகிரிப்பேட்டைக்கு அருகில் எங்கள் தோட்டம். அப்பாவும் பெரியப்பாவும் அங்கே ஒன்றாக மஞ்சள் போட்டார்கள். அவர்களுடைய ஒரே தங்கை, என் அத்தை, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. கோடை விடுமுறைக்கு வந்தால் எங்களைச் சும்மா விடமாட்டார். நான், என் தம்பி, பெரியப்பாவின் இரண்டு பையன்கள், நான்கு பேருக்கும் தினமும் காலையில் ஆங்கில வகுப்பு. அடிக்கமாட்டார். காதைத் திருகுவார், அது அடியைவிட மோசம்.

அந்த வருடம் ஒரு நாடு எப்படி உருவாகிறது என்ற பாடத்தை எடுத்தார். எல்லை, கொடி, சட்டம் என்று எத்தனை முறை ஆங்கிலத்தில் சொல்லியும் எங்கள் மண்டையில் ஏறவில்லை. "உங்களுக்கெல்லாம் சொன்னா ஆகாது. வாங்க, நாமளே ஒரு நாடு பண்ணலாம்" என்று மஞ்சள் காயவைக்கும் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அறுவடை முடிந்து களம் காலியாகக் கிடந்தது. சுண்ணாம்புப் பொடியால் எல்லை போட்டோம். அத்தையின் பழைய துப்பட்டா கொடியானது. கோட்டுக்குள் வந்தால் ஆங்கிலம்தான் பேச வேண்டும்.

நாடு உண்டான அரைமணி நேரத்தில் சண்டை வந்துவிட்டது. களத்தின் ஓரத்தில் புங்கமரத்து நிழல். அதைப் பையன்கள் மூவரும் பிரித்துக்கொண்டு, எனக்கு வெயிலில் கொதிக்கும் சிமெண்ட் தரையை ஒதுக்கினார்கள். "கண்ணாலம் ஆனா நீ வேற நாட்டுக்குப் போயிருவ. உனக்கெதுக்கு நெழலு?" என்றான் பெரியப்பாவின் மூத்த பையன், ஆங்கிலத்தைக் காற்றில் பறக்கவிட்டு. என் தம்பியும் தலையாட்டினான், துரோகி. நான் சீமாற்றை எடுத்து எல்லைக்கோட்டைக் கூட்டித் தள்ளினேன்.

அத்தை என் காதைத் திருகவில்லை. "கூட்டறதெல்லாம் வேண்டாம். என்ன வேணுமோ அதச் சட்டமா எழுது. எழுதி அவங்ககிட்டக் கையெழுத்து வாங்கு" என்றார். அகராதியை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க எழுதினேன். ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியம். இந்த நாட்டில் மகனுக்கும் மகளுக்கும் நிலம் சமம். மகள் எங்கே போனாலும் அவள் பங்கு அவளுடையது. அதை விட்டுத்தரும்படி யாரும் அவளைக் கேட்கக் கூடாது. கையெழுத்துப் போடாவிட்டால் தினமும் எல்லையை அழிப்பேன் என்று சீமாற்றோடு நின்றேன். மூவரும் முனகிக்கொண்டே போட்டார்கள். அத்தை பிழைகளை மட்டும் திருத்தினார்.

அந்த முறை அத்தை எதற்காக வந்திருந்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவும் பெரியப்பாவும் நிலத்தைப் பாகம் பிரிக்க இருந்தார்கள். தனக்குப் பங்கு வேண்டாம் என்று அத்தை எழுதிக்கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு நாகரிகமான வழி வைத்திருந்தார்கள். தாம்பாளத்தில் பட்டுச்சேலை, வெற்றிலை பாக்கு, பழம், அதன் மேல் அந்தப் பத்திரம். நல்ல நேரம் பார்த்துச் சொந்தக்காரர்களுக்கு முன்னால் நீட்டுவார்கள். பத்திரத்தைத் தள்ளினால் சேலையையும் தள்ளியதாக அர்த்தம். சேலையைத் தள்ளினால் பிறந்த வீட்டையே தள்ளியதாக அர்த்தம். அத்தை கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டுதான் வந்திருந்தார்.

கையெழுத்துப் போடும் நாளன்று வீடு நிறையச் சொந்தம். பையன்கள் இளநீர் வெட்டப் போயிருந்தார்கள். பேனாவைத் திறந்து அத்தையின் கையில் கொடுத்தாகிவிட்டது, நல்ல நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. அந்த இடைவெளியில் அப்பாவுக்கு மகளின் பெருமையைக் காட்ட ஆசை வந்துவிட்டது. "அம்மிணி, அத்தை சொல்லிக்குடுத்த இங்கிலீச எல்லாருக்கும் சொல்லு சாமி" என்றார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு என் மூன்று வாக்கியங்களையும் கணீரென்று ஒப்பித்தேன். அங்கே ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பெரியப்பாதான் அதிகம் தட்டினார். "நம்மூட்டுப் புள்ள கலெக்டரே ஆயிரும்ங்க" என்றார்.

அத்தை தட்டவில்லை. "இன்னொருக்காச் சொல்லு சாமி" என்றார். உச்சரிப்பில் ஏதோ தப்பு என்று நினைத்து, இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் பேனாவை மூடிச் சேலையின் மேல் வைத்தார்.

"நான் போடலீங்கண்ணா."

"என்னாச்சு உனக்கு?" என்றார் பெரியப்பா. "புள்ள என்னமோ பாட்டுச் சொல்லுச்சு, அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அது பாட்டு இல்லீங்க" என்று அத்தை என் வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். மூன்றையும் சொல்லி முடித்தார். அதன்பின் எழுந்த கூச்சலில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. என் ஆங்கிலத்தை அத்தை எல்லோருக்கும் விளக்கிவிட்டாரே என்ற பூரிப்பில் நின்றேன்.

அத்தை வழக்குப் போட்டுத் தன் பங்கை வாங்கினார். இன்று அதில் அவருடைய மஞ்சள் விளைகிறது. பெரியப்பா சொல்லும் பழி என்மேல்தான் என்றால் இருக்கட்டும், சந்தோஷமாகச் சுமக்கிறேன். என் முன்னால் எந்தத் தாம்பாளத்தை நீட்டினாலும் அதே மூன்று வாக்கியங்களைச் சொல்வேன், இப்போது தமிழிலேயே.

அன்று அத்தை பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தபோது நான் பின்னாலேயே ஓடினேன். "எனக்கு எத்தனை மார்க்குங்க அத்தை?" என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நூத்துக்கு நூறு சாமி" என்றார். அந்த வாசலுக்கு அவர் இனி வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. நூற்றுக்கு நூறு, நூற்றுக்கு நூறு என்று கத்திக்கொண்டே தோட்டம் முழுக்க ஓடினேன்.