ஜவாத்தின் எட்டாம் விசை

அஸர் தொழுகை முடிந்த கையோடு ஜவாத்தின் தம்பி எங்கள் கடைக்குள் வந்து நின்றான். "காக்கா மவுத்தாகிட்டார். மஃரிபுக்குப் பிறகு அடக்கம். நோட்டீஸ் அடிக்கணும்" என்றான். அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. கடலுக்கும் யுத்தத்துக்கும் தப்பிய மனிசன், யுத்தம் முடிந்து ஒரு வருசம் ஆகுமுன் காய்ச்சலில் போவதா? ஜவாத்துக்கு எதிலும் அவசரம். இதிலுமா?

கல்முனையில் நாங்கள் இருவரும் கூட்டாக ஒரு தட்டச்சுக் கடை நடத்தியதை வாசிக்கும் உங்களில் பலர் அறிவீர்கள். நான் பாண்டிருப்புத் தமிழன், அவர் கல்முனைக்குடிக்காரர். ஒரு நாளைக்கு ஒரு சண்டையாவது பிடிப்போம். பின்னேரத் தேத்தண்ணிக்குள் அது முடிந்துவிடும்.

சுனாமிக் கடல் வந்து போன அடுத்த மாதம் மரண அறிவித்தல்களும் நாற்பதாம் நாள் அழைப்புகளும் வந்து குவிந்தன. ஒரே வாசகங்களைத் தட்டித் தட்டி என் விரல் வீங்கியதைப் பார்த்து ஜவாத் கணினியில் ஒரு சிறு நிரல் எழுதினார். ஏழாம் விசையை அழுத்தினால் எங்கள் ஆட்களின் அறிவித்தலுக்குரிய தொடக்கம் விழும். எட்டாம் விசைக்கு முஸ்லிம் மரண அறிவித்தலின் முதல் வரியான "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று வந்து, அடுத்த வரிக்காக என்டரும் தானே அழுந்தும். திரையில் எந்தச் சாளரம் முன்னால் நிற்கிறது என்பது அந்த நிரலுக்குத் தெரியாது. எது நின்றாலும் அதற்குள் கொட்டிவிடும். அதை அன்று நாங்கள் யோசிக்கவில்லை.

அதே கணினியில்தான் ஊர்க்காரரான சமீம் காக்கா கட்டாரிலிருந்து மகளின் சேதி கேட்டு தினமும் சாட்டில் வருவார். ஒரு கொம்பனியின் களஞ்சியத்தில் வேலை. மனைவியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த ஒரே மகள் றிஸ்னா, கால் முறிந்து அம்பாறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதலாளி கடவுச்சீட்டைக் கொடுக்காததால் அவருக்கு வர வழியில்லை. அவருடைய உலகம் எங்கள் சாட் பெட்டிக்குள் சுருங்கியிருந்தது. தமிழில் பேசட்டும் என்று எங்கள் எழுத்துருவைக்கூட ஜவாத் அவருக்கு அனுப்பி வைத்திருந்தார்.

றிஸ்னாவுக்கு ஒப்பரேசன் நடந்த மறுநாள் காலை ஜவாத் தாளைப் பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்தார். "புள்ளைக்கு எப்படி?" என்ற கேள்வியோடு சாட் சாளரம் திரையின் முன்னால் குதித்தது. அவர் நிமிரவில்லை. எட்டாம் விசையை அழுத்தினார். வாசகம் அதற்குள் விழுந்தது, என்டர் அதை அனுப்பியும் விட்டது.

ஜவாத் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "பிழை, பிழை" என்று எழுதி முடிப்பதற்குள் இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தும் கிடைக்கவில்லை. கடைசியில் களஞ்சியத் தொலைபேசியில் சமீம் காக்காவைப் பிடித்தோம். நடந்ததை ஜவாத் அல்லாஹ்மேல் ஆணையிட்டுச் சொன்னார். அவர் நம்பவில்லை. தன்னை ஆற்றுவதற்காகக் கதை கட்டுகிறோம் என்றே நினைத்தார்.

"என்ட புள்ளட சத்தத்தக் கேட்கணும். இல்லாட்டி இனிக் கதைக்க வேணாம்" என்று வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் றிஸ்னாவோடு நின்ற மாமாவிடம் கைத்தொலைபேசி இல்லை. ஜவாத் தன்னுடையதை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். பின்னால் ஏறிக்கொண்டு நான் வழி நெடுக ஏசினேன். எருமை, திரையைப் பார்த்துத் தட்டினால் என்ன என்றேன். அவர் வேகத்தைத்தான் கூட்டினார். மாவடிப்பள்ளிப் பாதையில் மழைவெள்ளம் முழங்காலுக்கு ஓடியது. சைக்கிளைத் தள்ளிக் கடந்தோம். சோதனைச் சாவடியில் என் அடையாள அட்டையை ஒரு சிப்பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தெரிந்த சிங்களமெல்லாம் போட்டு ஜவாத் கெஞ்சினார். அங்கே ஒரு தகப்பன் மகளை மனதுக்குள் அடக்கம் செய்துகொண்டிருக்கிறான் என்பதை எந்த மொழியில் சொல்வது?

ஆஸ்பத்திரி வாட்டில் றிஸ்னா மயக்கம் தெளிந்து கிடந்தாள். ஜவாத் இலக்கத்தை அழுத்தி அவள் காதில் வைத்தார். "வாப்பா, கால் நோவுது" என்றாள். மறுமுனையில் அந்த மனிதர் அழுத அழுகை கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் கேட்டது. ஜவாத் வெளியே போய்ச் சுவரோரம் குந்தினார். "மவுத்தச் சொல்ற வேலைய மெசினுக்குக் குடுக்கப் படாது, மச்சான். அது வாயால சொல்றது" என்றார்.

கடைக்குத் திரும்பியதும் நிரலை மாற்றி எழுதினார். இனி விசையை அழுத்தினால், நிரல் முதலில் முன்னால் நிற்கும் சாளரத்தின் தலைப்பைப் பார்க்கும். 'அறிவித்தல்' என்று இருந்தால் மட்டும் தட்டும். இல்லாவிட்டால் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். பார்த்தபின் வேறு சாளரம் குதித்தால் என்ன செய்வது என்று நான் குதர்க்கம் பேசினேன். "ஓம், அதுவும் சரிதான்" என்று என்டரையும் எடுத்துவிட்டார். பிறகு மற்றக் கணினியிலிருந்து என்னைச் செய்தி அனுப்பச் சொல்லி, திருப்தியாகும்வரை சோதித்தார்.

ஐந்து வருசம் கழித்து ஜவாத்தின் அறிவித்தலைத் தட்டவும் அந்தக் கணினியில்தான் உட்கார்ந்தேன். கண் கலங்கியிருந்ததால் திரை தெரியவில்லை. எட்டாம் விசையை அழுத்தினேன். கீச்சென்றது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கட்டாரிலிருந்து சமீம் காக்காவின் சாளரம் முன்னால் நின்றது: "ஜவாத்துக்கு இப்ப எப்படி?"

அந்தச் சத்தத்தைத்தான் ஜவாத்திடமிருந்து நான் வைத்துக்கொள்கிறேன். ஒன்றைச் சொல்லுமுன், முன்னால் நிற்பது யார் என்று நிமிர்ந்து பார்க்க அது என்னை நிறுத்துகிறது.

தொலைபேசியை எடுத்து வாயால் சொன்னேன்.  றிஸ்னாவுக்குத் தெரியுமா என்றுதான் சமீம் காக்கா முதலில் கேட்டார்.

"இன்னும் இல்ல, காக்கா. நோட்டீஸ் அவள்ர கைக்குப் போக முதல் நானே போய்ச் சொல்றன்."

அறிவித்தல் சாளரத்தை முன்னால் எடுத்து மறுபடி அழுத்தினேன். இந்த முறை வாசகம் விழுந்தது. அதன் கீழே ஜவாத்தின் பெயரை என் விரலால் தட்டிவிட்டு, றிஸ்னாவின் வீட்டுக்கு நடந்தேன்.