பேருந்தின் மேல்தளத்திலிருந்து தெரிந்த ஜன்னல்

லொரெய்ன் பெட்டிஃபரை எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. எனக்கும் பாதி நாள் அப்படித்தான். அறிக்கையில் ஒரு புள்ளி தவறினால் போதும், மேசைக்கு வந்து நின்றுவிடுவாள். திருத்தும்வரை நகரமாட்டாள், தேநீரைக் கூட நின்றபடியே குடிப்பாள்.

லண்டனில் யாராவது புதிதாக மாடி எழுப்ப விண்ணப்பித்தால், அதனால் அக்கம்பக்கத்து ஜன்னல்களில் எவ்வளவு வெளிச்சம் குறையும், எவ்வளவு வெயில் போகும் என்று கணக்கிட்டு கவுன்சிலுக்கு அறிக்கை கொடுப்பதுதான் எங்கள் தொழில். கூலி கொடுப்பவர் கட்டுகிறவர். பாதிக்கப்படுகிறவர் எதிர்வீட்டுக்காரர். இந்த இருவருக்கும் நடுவில் இருபத்திரண்டு வருடம் அவள் நிமிர்ந்தே நடந்தாள். அவளுடைய சொந்த வீடோ கேட்ஃபர்டில் வடக்குப் பார்த்த தரைத்தளம். குளிர்கால ஞாயிறுகளில் தெருமுனைச் சலவைக்கடையின் பெஞ்சில், வெயில் விழும் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். துவைக்க ஒன்றும் கொண்டு போயிருக்கமாட்டாள்.

டெப்ட்ஃபர்டில் ஒரு பழைய டயர் கடை இருந்த இடத்தில் ஏழு மாடி எழுப்ப விண்ணப்பம். எதிர்ச்சாரியில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கடைக்கு மேலே முதல் மாடியில் ஒரு ஜன்னல், எங்கள் வரிசையில் பதினான்காவது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாத மங்கல் கண்ணாடி. உள்ளே வந்து அளக்க அனுமதி கேட்டு இரண்டு கடிதம் போட்டோம், பதில் இல்லை. அப்படியானால் வெளியிலிருந்து ஊகித்து எழுதுவது எங்கள் வழக்கம். லொரெய்ன் தன் குறிப்பேட்டில், ‘குளியலறையா? விசாரிக்கணும்’ என்று எழுதியிருந்தாள். கணினியில் கட்டடங்களை வரைந்து கணக்குப் போடுகிறவன் நான். அதில் அறையின் வகையைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவேண்டும், சந்தேகத்துக்கு அங்கே இடமில்லை. ‘குளியலறை’ என்று தட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். குளியலறைக்கு வெளிச்சம் போனால் கணக்கில் சேராது. என்னை நம்பி அவள் கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை. மாலை ஏழு மணிக்கு விண்ணப்பம் கவுன்சில் குழுவின் முன் வருகிறது. மூன்றரை மணிக்குத் தொலைபேசியில் அவள்.

“நெவில், பதினாலாம் ஜன்னலை குளியலறைன்னு போட்டது நீயா?”

“ஏன் கேக்கற?”

“நான் பஸ்ஸோட மேல்தளத்துல இருக்கேன். நெரிசல்ல நிக்குது. அந்த ஜன்னல் இன்னிக்குத் திறந்திருக்கு. உள்ள ஒரு பெரியவர் கிழங்கு சீவிட்டிருக்கார். பக்கத்துல சோபா இருக்கு, டிவி இருக்கு. குளியலறையில எவன் சோபா போடுவான்?”

“பட்டியல்ல கேள்விக்குறி போட இடமில்ல, லொரெய்ன்.”

“அதை அப்புறம் பேசிக்கலாம். நான் இறங்கறேன். நீ சீட்ல இரு.”

அந்தப் பெரியவர் ஆஸ்மண்ட் கெய்ல். எழுபத்தாறு வயது. மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பேசும்போது அவள் தொலைபேசியை அணைக்கவில்லை, எல்லாம் என் காதில் விழுந்தது.

“இந்தக் கண்ணாடியில ஏன் ஐயா தாள் ஒட்டியிருக்கீங்க?”

“பஸ்ல மேல உக்காந்து போறவன் ஒவ்வொருத்தனும் என் தட்டுல என்னன்னு பார்க்கறான்மா. ஒட்டிட்டேன். இப்ப வெளிச்சம் வருது, அவனுங்க மூஞ்சி வர்றதில்ல.”

“எங்க கடிதம் வந்துச்சா?”

“கண்ணு ஒண்ணு போச்சு, இன்னொண்ணுல கொஞ்சம் மிச்சம். கடுதாசியெல்லாம் மக வந்து படிச்சாத்தான். இந்த வெயில்லதான் என் மாத்திரையை நானே பிரிச்சு வைக்கறேன். விளக்குல வெள்ளை எது, ரோஸ் எதுன்னு தெரியமாட்டேங்குது. ஒருதரம் மாத்திப் போட்டு ஆஸ்பத்திரியில கிடந்தேன். இன்னொரு வாட்டி அப்படி ஆனா முதியோர் இல்லம்தான்னு மக சொல்லிட்டா.”

லொரெய்ன் அறையை அளந்து எண்களைச் சொன்னாள். நான் தட்டினேன். அந்த ஜன்னலுக்குக் கிடைத்த வான வெளிச்சம் நூற்றுக்கு முப்பத்தொன்று, புதுக் கட்டடம் வந்தால் பதின்மூன்று. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே அதை இழப்பு என்று எழுதுவோம். குளிர்கால வெயிலோ மிச்சமே இல்லை.

எங்கள் முதலாளி ரூபர்ட் திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

“உள்ளமைப்பு எல்லாம் ஊகம்னு அறிக்கையிலேயே இருக்கு, லொரெய்ன். குழுவுல கேட்டா சொல்லு.”

“கேக்கலேன்னா?”

“கேக்கலேன்னா சும்மா உக்காந்திரு. அந்தக் கட்டுமானக் கம்பெனி கையை விட்டுப் போச்சுன்னா நாம எல்லாரும் தெருவுலதான்.”

ஏழு மணிக்கு நானும் குழுக் கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எதிர்ப்புச் சொல்ல வந்தவர்கள் மூவரும் கார் நிறுத்த இடமில்லை என்பதையே பேசினார்கள். வெளிச்சத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எட்டு மணிக்குத் தலைவி, “சரி, வாக்கெடுப்புக்குப் போலாமா?” என்றார்.

லொரெய்ன் எழுந்தாள்.

“உங்களை யாரும் கூப்பிடலையே” என்றார் தலைவி.

“தெரியும். என் அறிக்கையில பதினாலாம் ஜன்னல் தப்பு. அது குளியலறை இல்ல, ஒருத்தர் வாழற அறை. ஒரு நாள்ல முக்கால்வாசி நேரத்தை அவர் அங்கதான் கழிக்கறார். இந்தக் கட்டடம் வந்தா அவருக்குப் பாதிக்கு மேல வெளிச்சம் போயிடும். தெரிஞ்சுக்கிட்டு ஓட்டுப் போடுங்க.”

முன்வரிசையில் ரூபர்ட்டின் கழுத்து சிவந்தது. ஒரு உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “இது யார் செஞ்ச தப்பு?” என்றார்.

அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எழுந்திருக்க எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“கையெழுத்து என்னுது. தப்பும் என்னுதுதான்” என்றாள்.

விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தார்கள். திங்கட்கிழமை அவள் மேசை காலியாக இருந்தது. நான் அவளுக்கு ஒரு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. இன்னொரு தடவை செய்யவில்லை. என் கோழைத்தனத்துக்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

கட்டுகிறவர் ஏழு மாடியை நாலாக்கிக்கொண்டு திரும்பி வந்தார். புது அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஆஸ்மண்ட் கெய்லின் அறையை மறுபடி அளக்கப் போனேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த அம்மா வரலையா?”

“வேலையை விட்டுட்டாங்க.”

“அவங்கதான் தப்பா எழுதினாங்களாமே? மக பேப்பர்ல படிச்சுச் சொன்னா. நம்பவே முடியல தம்பி. அவ்வளவு கருத்தா அளந்தாங்க. நிஜமாவே அவங்கதானா?”

நான் அளவு நாடாவின் நுனியைச் சுவரில் வைத்து அழுத்தினேன்.

“ஆமாங்க” என்றேன்.